மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

என் மகள் மைதிலியின் பயணம் தடைபட வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். தடைபட்டது. அதன்பின் அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாத நிலை. என் அனுபவத்தை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க முடியும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் அது பொய்யாகிவிடும்.

நம் சத்சங்கத்தில் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் பிரார்த்தனை பலித்ததைச் சொல்கிறீர்கள். என் முறை வரும்போதெல்லாம் தொண்டை சரியில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு. மனைவி கோமளம். ஒரே பெண் மைதிலி. மெல்போர்னில் வேலை பார்க்கிறாள். அவளுடைய திருமணம் சில வருடங்களுக்கு முன்பு முறிந்துபோனது. அவளுக்கு அது துக்கம். எனக்கு அவமானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன மாசியில் சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, மைதிலியோடு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. அதைச் சொல்லலாம் என்று போனை எடுத்தால், அவள் வேறொன்று சொன்னாள். லீவு போட்டுவிட்டாளாம். மெல்போர்னிலிருந்து கடற்கரை ஓரமாகவே கிழக்கே போய், வடக்கே திரும்பி, அப்புறம் மலை ஏறி, மலை வழியாகவே வீடு திரும்பப் போகிறாளாம். காரில்.

"யாரோட போறே?"

"யாரோடயும் இல்லப்பா. நான் மட்டும்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கயாவது நின்னு பேசிட்டுப் போயேன். அவா அவ்வளவு தூரம் வரா."

"அன்னிக்கு மலையில இருப்பேன். சிக்னல் கிடைக்காது. கிடைச்சாலும் பேச மாட்டேன்பா. எனக்கு இப்ப யாரையும் பார்க்க வேண்டாம். கடலைப் பார்த்துண்டு வண்டி ஓட்டணும். அவ்வளவுதான்."

நான் ஏதோ கடுமையாகச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வீதியில் என்னோடு நடக்க வரும் சம்பத், "என்ன ஸ்வாமி, பொண்ணு ஆஸ்திரேலியாவையே அளக்கப் போறாளாமே? தனியாவா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டார். அந்தத் 'தனியாவா' என் காதிலேயே நின்றுவிட்டது. ஊரே அப்படிக் கேட்பதுபோல இருந்தது.

நம் வீடுகளில் உள்ள வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜுரம், பரீட்சை, பிரசவம் என்றால் ஒரு ரூபாயை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து பெருமாள் முன்னால் வைப்போம். காரியம் கைகூடினால் குணசீலம் பெருமாள் கோவிலுக்குப் போய் உண்டியலில் சேர்ப்போம். எங்கள் வீட்டில் முடிந்த காசெல்லாம் நல்லது நடக்க வேண்டும் என்று முடிந்தது. அன்று கோமளம் கோவிலுக்குப் போயிருந்தாள். நான் பூஜை அறையில், பெருமாள் உள்ளில், தனியாக உட்கார்ந்து ஒரு ரூபாயை முடிந்தேன். "ஏதாவது தடங்கல் வரட்டும். வண்டி பழுதாகட்டும். மழை கொட்டி ரோடு அடைபடட்டும். அவள் பாதியில் திரும்பி வர வேண்டும்." இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். மழை என்று நானேதான் சொன்னேன். முடிச்சைப் பெருமாளின் பின்புறம், சந்தனக் கிண்ணத்துக்கு அருகில் வைத்தேன்.

அவள் கிளம்பினாள். படங்களெல்லாம் அம்மாவுக்குத்தான் வந்தன. கோமளம் குளிக்கப் போகும் நேரத்தில் அவள் போனை எடுத்து நான் பார்ப்பேன். மரப்பாலத்தின் கைப்பிடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாக்கள். செம்மண் பாறைக்குக் கீழே பச்சையும் நீலமுமாக இரண்டாகப் பிரிந்து நிற்கும் கடல். கார் பானெட்டின் மேல் ஒரு தட்டு, அதில் ரொட்டி, ரொட்டியின் மேல் கோமளம் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல். ஒருநாள் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது. "அம்மா, இதைக் கேளு" என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. அலைச் சத்தம் மட்டும். அதை மறுபடி மறுபடி கேட்டேன். என் பெண் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு நான் பல வருடங்கள் கேட்டதில்லை. அப்போதும் என் கோபம் இறங்கவில்லை. எழுந்து போய் முடிச்சை அவிழ்க்கத் தோன்றவில்லை. இது எப்படி என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியாக வந்தது ஒரு மலைச்சாலையின் படம். இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை உரிந்த நெடிய மரங்கள், நடுவே மூடுபனி. "மலை ஏறப் போறேன். அந்தப் பக்கம் இறங்கினதும் பேசறேன்" என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் பேசவில்லை. செய்தியில் அந்தக் கடற்கரையைக் காட்டினார்கள். பேய்மழை, வெள்ளம், மலைச்சரிவு, மூடப்பட்ட சாலைகள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். கேட்டது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அது. ஒரே ஒரு கணம்தான். பிறகு அவள் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தேன்.

அவளோடு வேலை பார்க்கும் ஷீலா என்ற பெண் போன் செய்தாள். "அங்கிள், பதட்டப்படாதீங்க. மைதிலி புக் பண்ணின ரூமுக்கு வந்து சேரலையாம். போன் போகலை. போலீஸ்ல சொல்லிட்டோம். மழை விடாம ஹெலிகாப்டர் எடுக்க முடியாதுங்கறாங்க."

அதைக் கேட்ட கோமளம் பெருமாள் உள்ளுக்குப் போனாள். விளக்கேற்றத் திரியைத் தேடியவள் கையில் அந்த மஞ்சள் முடிச்சு அகப்பட்டது. வெளியே வந்து என் முன்னால் நீட்டினாள்.

"இது எப்ப முடிஞ்சேள்?"

"அவ கிளம்பறதுக்கு முன்னாடி."

அவள் கண்ணில் நீர் பொங்கிவிட்டது. "வாயால அப்படித் திட்டிட்டு, உள்ள உக்காந்து கொழந்தைக்காகக் காசு முடிஞ்சிருக்கேளே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நான் உங்களை என்னென்னமோ நினைச்சுட்டேனே." முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெருமாள் திருவடியில் வைத்தாள்.

நான் அவளைத் திருத்தவில்லை.

அன்று முழுவதும் வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னாள். "இவர் அப்பவே முடிஞ்சு வச்சுட்டார். அவளுக்கு ஒண்ணும் ஆகாது." அந்த முடிச்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள். சம்பத் வந்து என் கையைப் பிடித்தார். "ஸ்வாமி, உங்களைக் கல்லுன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோங்கோ" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோவிலுக்குப் போனேன். சன்னதிக்குள் நுழையும் ஆரியபடாள் வாசல்வரை போய் நின்றேன். உள்ளே போய் என்ன கேட்பது? கேட்டதைக் கொடுத்தவனிடம், ஏன் கொடுத்தாய் என்றா? பின்னால் வந்தவர்கள் "உள்ள போங்க சாமி, வழியில நிக்கறீங்க" என்றார்கள். நான் திரும்பிவிட்டேன். இத்தனை வருட ஸ்ரீரங்க வாசத்தில் அந்த வாசலிலிருந்து சேவிக்காமல் திரும்பியது அன்றுதான்.

அங்கேயே போய்த் தேடலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். காலாவதியாகிக் கிடந்தது. மைதிலி ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டாள். கோமளத்துக்கு ஆசை. நான்தான், "நமக்கெதுக்கு அந்த ஊரெல்லாம்" என்று புதுப்பிக்காமல் விட்டேன். இருந்தும் டவுன் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். பாஸ்போர்ட் அலுவலக வாசலில், அன்று விடுமுறை என்பது தெரியாமல், பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலாளி, "யாருக்காவது உடம்பு சரியில்லையாங்க ஐயா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கோமளம் பெருமாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தளிகை ஆகவில்லை. அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது.

"பெருமாளே, எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. இவர் என்ன நினைச்சு முடிஞ்சாரோ, அதை அப்படியே நடத்திக் குடுத்துடு. நான் தனியா ஒண்ணும் கேக்கலை."

"கோமளம், அப்படிக் கேக்காதே!" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மழையா கேட்டேள்?"

"ஆமாம்."

"நம்ம கொழந்தைக்கா?"

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். கூடத்துத் தரையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூட இல்லை. இத்தனை வருட வாழ்க்கையில் அவள் என்னைத் திட்டியிருக்கிறாள், கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த முதுகைப் போல எதுவும் என்னைத் தண்டித்ததில்லை.

பிறகு படுத்தபடியே சொன்னாள்: "அதை அவிழ்த்துடுங்கோ."

"நேர்ந்துண்டது பலிச்சா கொண்டுபோய்ச் செலுத்தணும். நடுவுல அவிழ்க்கப்படாது."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எதை செலுத்தப் போறேள்? எம் பொண்ணைக் காணுமே, அதுக்கு நன்றின்னா? பெருமாள்கிட்டயும் கணக்கு வாத்தியாராவே இருங்கோ!"

அவள் சொன்னது சரி. அந்தக் காசைச் செலுத்தினால் என் மகள் தொலைந்ததற்கு நன்றி சொன்னதாகும். செலுத்தாமல் விட்டால் சொன்ன சொல் தவறியவனாவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர். முடிச்சை அவிழ்க்கத்தான் போனேன். நகம் நழுவியது. மஞ்சள் காய்ந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. முடியவில்லை.

அப்படியே கையில் வைத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். சுலோகம், பாசுரம் எதுவும் வாயில் வரவில்லை. "நான் கேட்டது பாவம். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவளை விட்டுவிடு. அந்தச் சாலையில் எவ்வளவு தூரம் போக ஆசைப்பட்டாளோ, அவ்வளவு தூரமும் அவள் போகட்டும்." இவ்வளவுதான் கேட்டேன். புதிதாகக் காசு எதுவும் முடிந்து வைக்கவில்லை. பேரம் பேச எனக்கு என்ன அருகதை?

மனசு லேசாகவில்லை. அசரீரி எதுவும் கேட்கவில்லை. அன்று முழுவதும் செய்தி இல்லை. அவள் இறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். சொல்லப்போனால், எந்தெந்தச் சொந்தக்காரருக்கு யார் போன் செய்வது என்றுகூட என் மனம் யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் உச்சிவேளையில் போன் வந்தது. ஷீலா அழுதுகொண்டே பேசினாள். "கிடைச்சுட்டா அங்கிள்! உயிரோட இருக்கா. கை உடைஞ்சிருக்கு. ரொம்பக் குளிர்ல இருந்திருக்கா. ஆனா பேசறா."

போனைக் கோமளத்தின் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

நடந்ததை மைதிலி பிறகு சொன்னாள். மலைச்சாலையை அடைத்திருந்ததால் காட்டு வழியாகப் போகும் சின்னச் சாலையில் திரும்பியிருக்கிறாள். முன்னால் மண் சரிந்தது. திரும்பலாம் என்று பார்த்தால் பின்னால் மரம் விழுந்தது. அதன் ஒரு கிளை கண்ணாடியை உடைத்து அவள் இடது மணிக்கட்டின் மேல் இறங்கியது. இறங்கி நடக்காமல் காரிலேயே இருந்தாள். கார் மிதியடியைப் போர்த்திக்கொண்டாள். மழைத்தண்ணீரைக் குடித்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த புளிக்காய்ச்சலை விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

சரி, அந்தச் சாலைக்கு எப்படி ஆள் வந்தது? மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கடை. பெட்ரோலும் ரொட்டியும் விற்கும் ஒரு பெண்மணி. மைதிலி பெட்ரோல் போட்டபோது அவர் கேட்டாராம்: "தனியாகவா போகிறாய்? எந்த வழியாக?" மைதிலிக்கு எரிச்சல். ஸ்ரீரங்கத்திலிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் வந்தும் அதே கேள்வியா என்று நினைத்துக்கொண்டே வழியைச் சொன்னாளாம். மழை வலுத்ததும் அந்தப் பெண்மணிக்கு மனசு கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து, இன்ன நிறக் கார் வந்ததா என்று விசாரித்திருக்கிறார். வரவில்லை என்றதும் போலீஸுக்குச் சொல்லி, அந்தச் சின்னச் சாலையைத் தேடும்படி விடாமல் கேட்டிருக்கிறார். மரம் வெட்டி வழி செய்பவர்கள் அங்கே போனது அதனால்தான்.

நான் எந்தக் கேள்விக்குக் கூசி அந்தக் காசை முடிந்தேனோ, அதே கேள்வியை வேறு யாரோ ஒருத்தி அக்கறையோடு கேட்டிருக்கிறாள். என் மகளின் உயிர் அந்தக் கேள்வியில் தங்கியிருந்தது.

இன்னொன்று. அந்தப் பெண்மணி போன் செய்தது நான் தரையில் விழுந்து அழுவதற்கு வெகு முன்னால். நான் வாசலிலிருந்து சேவிக்காமல் திரும்பியபோதே உதவி புறப்பட்டுவிட்டது. காரணம் பார்க்காத கருணை என்று காலட்சேபங்களில் எவ்வளவோ கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அதன் பொருள் அன்று புரிந்தது. 'உங்கள் காசுதான் அவளை மேலே போகவிடாமல் காப்பாற்றியது' என்று இதைப் படித்தபின் சிலர் எனக்கு ஆறுதல் சொல்லக்கூடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

ஆடியில் மைதிலி வந்தாள். மணிக்கட்டு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. நான் காப்பியை அவள் முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். காப்பி ஆறிப்போனது.

"அப்பா, அங்க ஒரு மலையே சரிஞ்சுது. எத்தனையோ பேருக்கு வீடு போச்சு. அத்தனையும் உன் ஒத்தை ரூபாய்க்காகவா? பெருமாள் அவ்வளவு சல்லிசாவா வேலை பார்க்கறார்?" என்று சிரித்தாள். கோமளமும் சிரித்துவிட்டாள். அப்புறம் மைதிலியின் முகம் மாறியது. "மழை உன்னால வரலைப்பா. அது எனக்குத் தெரியும். ஆனா நான் அந்தக் கடலைப் பார்த்துண்டு சந்தோஷமா இருந்த நேரத்துல, நீ இங்க உக்காந்து அது நிக்கணும்னு கேட்டுண்டு இருந்தே பாரு. கையைவிட அது வலிக்கறது."

நான் தலைகுனிந்தேன். அவள் எழுந்து போகவில்லை. அது அவள் பெருந்தன்மை.

அந்த வாரமே குணசீலத்துக்குப் போனோம். சம்பத்தின் பழைய காரை இரவல் வாங்கி அவளே ஓட்டினாள். குணசீலத்தை நெருங்கியதும் ஒரு பக்கம் காவேரி நிறைந்து ஓடியது, மறுபக்கம் வாழைத் தோட்டம். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அவள் முகம் லேசாகச் சுருங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்க வேண்டியவன் நான்தான்.

உண்டியலுக்கு முன்னால் முடிச்சை எடுத்தேன். "அப்படியே போடாதே" என்றாள். "அவிழ்த்துட்டுப் போடு." ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை அவள் பிடித்தாள். இடது கையில் பிடி நிற்கவில்லை. நழுவியது. மறுபடி பிடித்தாள். "இழுக்காதேப்பா, சும்மா பிடிச்சுக்கோ" என்றாள். முடிச்சு நெகிழ்ந்தது. வெறும் காசாக அதை உண்டியலில் போட்டேன். எதற்கும் நன்றியாக அல்ல, எதையும் கேட்டும் அல்ல.

அன்பர்களே, உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. நாம் கேட்பதில் எது நல்லது என்று நமக்கே தெரிவதில்லை. நம்மைவிட நம் பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவன் ஒருவன் இருக்கிறான். நான் கேட்கும் முன்பே அவன் எழுந்துவிட்டான். அவனிடம் விட்டுவிடுங்கள். நம் பயத்தை அவனிடம் காட்டி ஒரு பெண்ணின் வழியை மறிக்க வேண்டாம்.

இந்தப் புரட்டாசியில் மைதிலி மறுபடி அதே சாலையில் போகிறாள். விட்ட இடத்திலிருந்து மீதியைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கடைக்காரப் பெண்மணிக்குக் கோமளம் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தனுப்பியிருந்தாள். அதைக் கொடுத்துவிட்டு இன்று காலை மலை ஏறுவதாகச் செய்தி வந்தது. இம்முறை எனக்கும் அனுப்பியிருந்தாள். அதன்பின் இதை எழுதும்வரை ஒன்றும் வரவில்லை. என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சற்றுமுன் சம்பத் வந்தார். "மறுபடியுமா ஸ்வாமி? தனியாவா?"

"ஆமாம், தனியாத்தான். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பக்கம் இறங்கிடுவா. நீங்களும் கொஞ்சம் வேண்டிக்கோங்கோ."

"என்னன்னு வேண்டிக்கட்டும்?"

"ரோடு திறந்திருக்கட்டும்னு."